வாம்பூல் வளைவில் சொன்ன சொல்

தேரூபின் ஆற்றங்கரை,
பிப்ரவரி 9, 1824

என் தம்பி நர்ரங்குக்கு அக்கா மில்பா எழுதுவது. நானும் உன் மாமாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்குப் போன குளிரில் வந்த இருமல் விட்டதா? உன் மனைவி கிரலாங் சுகமா? பள்ளியில் உனக்கு டேவிட் என்று பெயர் வைத்தார்கள். துரை வீட்டிலும் அதையே சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். கூப்பிட்டுக்கொள்ளட்டும். எனக்கு நீ நர்ரங்தான், சின்னவன்தான்.

ஒரு செய்தி. எனக்கு நான்காம் மாதம். உன் மாமா எப்பிராயீம் மரமறுக்கும் இடத்திலிருந்து நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து வந்து தொட்டில் செய்துகொண்டிருக்கிறார். கைதியாகக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்கார மனுஷன், இப்போது தொட்டிலுக்குப் பூ செதுக்குகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவர் சிட்னிப் பத்திரிகையை எனக்கு வாசித்துக் காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் கறுப்பர்கள் ஆட்டுக்காரர்களை மிரட்டுகிறார்களாம், சிப்பாய்களை அனுப்பச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்களாம்.

"உன் தம்பி இருக்கற பக்கம்தானே இது?" என்றார்.

"ஆமா."

"அவனுக்கு என்ன பயம்? துரை வீட்டுக்குள்ள இருக்கான்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சிப்பாய் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். சிப்பாய்கள் நம் இருவரையும் குதிரைக்கு முன்னால் நடத்திக்கொண்டு வந்து, நம் ஜனத்துப் பிள்ளைகளுக்கென்று பரமட்டாவில் வைத்த பள்ளிக்கூட வாசலில் விட்ட நாளைப் பற்றி நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இப்போதும் நான் எழுதப் போவதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
மில்பா


கார்வெல் துரை பண்ணை, வாம்பூல் ஆற்றங்கரை,
மார்ச் 14, 1824

அக்காவுக்கு நர்ரங்கின் அன்பு. இருமல் போய்விட்டது. கிரலாங் ஏதோ இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள். இருமலோடு உயிரும் போய்விடும் போலிருந்தது. நீ சுகமா? மாமா சுகமா? பிள்ளை உன்னைப் போல இருக்கட்டும். மாமாவின் மூக்கு வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில். துரைக்கு இங்கே நான்தான் நாக்கு. அவர் பேச்சு இந்தக் கரையில் இருக்கும் விராஜுரி ஜனங்களுக்குப் புரியாது, இவர்கள் பேச்சு அவருக்குப் புரியாது. எனக்குத் துரை பேச்சு பள்ளியிலேயே வந்தது, இவர்கள் பேச்சு இந்த இரண்டு வருஷத்தில் வந்துவிட்டது. இந்த மாதம் துரை ஆற்றோரச் சமவெளியை உழுதுவிட்டார். இவர்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகக் கிழங்கு தோண்டும் இடம் அது. கிரலாங்கின் அண்ணன் மலியான் ஆட்களோடு வந்து உழுத மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டான். என்னைக் கூப்பிட்டார்கள்.

துரை சொன்னார்: "இந்த நெலம் என்னுது, கவர்னர் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுன்னு சொல்லு."

நான் மலியானிடம் சொன்னேன்: "உங்களைப் பாத்ததுல துரைக்கு சந்தோஷமாம்."

மலியான் சொன்னான்: "அந்தக் கவர்னரோட ஆத்தா இங்க எந்த மரத்தடியில அவனைப் பெத்தாளாம்? எந்தக் குழியில கெழங்கு தோண்டிப் போட்டாளாம்? கேளு மச்சான்."

நான் துரையிடம் சொன்னேன்: "கொஞ்சம் ஆட்டுக்கறி கெடைக்குமான்னு கேக்கறாங்க."

துரை இரண்டு ஆட்டை அவிழ்த்துவிட்டார். மலியான் ஆட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது எதுக்கு?" என்றான். கிழங்குக்குப் பதில் என்றேன். "நாளைக்கு என்ன தருவான்?" என்றான். அதைத் துரையிடம் நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிரலாங் என்னை விடவில்லை. "உன் வாய் வழியா வந்தா எல்லா வார்த்தையும் மெத்துன்னு ஆயிடுதே. வயித்துக்குள்ள என்ன வெச்சிருக்கே, எறகா?" என்றாள். நான் என்ன செய்வேன் அக்கா? இரண்டு பக்கமும் எழுந்து போய்விட்டார்கள், யாருக்கும் காயமில்லை. எனக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நர்ரங்


தேரூபின் ஆற்றங்கரை,
ஏப்ரல் 20, 1824

தம்பிக்கு, உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். பிள்ளை உதைக்க ஆரம்பித்துவிட்டது.

நீ எழுதியதை நான் வாசிக்க, உன் மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரை கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைத்ததாகத் துரை நினைக்கிறார். மலியான் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக மலியான் நினைக்கிறான். இருவரும் இதுவரை ஒருவரோடொருவர் பேசவே இல்லை. என்றைக்காவது பேசிக்கொள்வார்கள், நடுவில் நீ நிற்பாய்.

அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. பின்பக்கம் ஒரு அறை போட்டுத் தருகிறேன் என்று மாமா சொல்கிறார். நம் ஆட்கள் இந்தக் கரையில் இப்போது கொஞ்சம் பேர்தான். ஆனாலும் இங்கே சண்டை முடிந்துவிட்டது. யார் தோற்றார்கள் என்று உனக்குத் தெரியும். தோற்ற இடத்தில் துப்பாக்கிக்கு வேலை இல்லை. அந்த ஒரு நிம்மதிக்காகவாவது வா.

மில்பா


கார்வெல் துரை பண்ணை,
ஜூன் 3, 1824

அக்காவுக்கு, நான் சுகம். நீ சுகமாக இரு.

இரண்டு ஆட்டுக்காரர்கள் விராஜுரிப் பெண்கள் இருவரை இழுத்துக்கொண்டுபோய்க் குடிசையில் அடைத்து வைத்தார்கள். பெண்களை விடச் சொல்லிக் கேட்கப் போன கிழவனை நாயை ஏவிக் கடிக்கவிட்டார்கள். இப்போது அந்தக் குடிசை இல்லை. ஆட்டுக்காரர்களும் இல்லை. ஆடுகளை மலைப்பக்கம் ஓட்டிவிட்டார்கள். பக்கத்துப் பண்ணைகளிலும் இதே கதை.

"யாரு செஞ்சது?" என்று துரை என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டார். தெரியாது என்றேன். துரை எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்திருக்கிறார். எனக்குக் கொடுக்கவில்லை.

கிரலாங் தன் ஜனங்களோடு மலைக்குப் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஏன் என்று இதில் எழுத முடியாது.

மாமாவை இந்தப் பக்கம் வரவிடாதே. என்ன சொன்னாலும் வரவிடாதே.

நர்ரங்


தேரூபின் ஆற்றங்கரை,
ஜூன் 27, 1824

தம்பி நர்ரங்குக்கு, நீ உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். என் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

போலீஸ்காரன் ஒருவன் இன்னொருவனோடு வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் தடுப்புவேலி போட மரவேலை தெரிந்தவர்கள் வேண்டுமாம். உன் மாமா முடியாது என்றார், மனைவி நிறைமாதம் என்றார். வந்தவன் கோபப்படவில்லை. கூரையைப் பார்த்தான், தொட்டிலைப் பார்த்தான்.

"வராட்டி ஒண்ணுமில்ல எப்பிராயீம். உன் பொண்டாட்டியோட தம்பி அங்க என்ன செய்றான், யாரோட சேந்திருக்கான்னு கேக்க நாங்க அடிக்கடி வருவோம். அவ்வளவுதான்."

அவர்கள் போன பிறகு உன் மாமா மூட்டை கட்டினார். "மரமறுக்கத்தான் போறேன் மில்பா" என்றார்.

"அப்பறம் துப்பாக்கி எதுக்கு?"

"எல்லாருக்கும் குடுக்கறாங்க. வாங்கிக்கலைன்னா அதுக்கும் ஏன்னு கேப்பாங்க."

உன் துரையின் பண்ணைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். உயரமான ஆள், சிவப்புத் தாடி, இடது கையில் சுண்டுவிரல் இல்லை. இதை மலியானிடம் சொல்லி வை. என் புருஷன் என்று சொல்லி வை. அவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியே அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மில்பா


தேரூபின் ஆற்றங்கரை,
ஆகஸ்ட் 22, 1824

நர்ரங், எங்கே இருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். பெண் பிறந்திருக்கிறாள். நானும் அவளும் நலம். தலைமுடி செம்பட்டை, கண் நம் வீட்டுக் கண்.

உன்னிடமிருந்தும் கடிதம் இல்லை, அவரிடமிருந்தும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெபம் முடிந்ததும் ஒரு தாளை வாசித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் இராணுவச் சட்டமாம். பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை வாசிக்கும்போது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கதவுக்குக் குறுக்கே தொட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பகலிலும் அப்படித்தான். ஒரு வரி எழுது. அவரைப் பார்த்தாயா என்பதை மட்டும் எழுது.

மில்பா


வாம்பூல் ஆற்றங்கரை,
செப்டம்பர் 11, 1824

திருமதி எப்பிராயீம் அவர்களுக்கு,

உங்களுக்கு மகள் பிறந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் தம்பி டேவிட்டுக்கு நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது. அவன் இப்போது என் பண்ணையில் இல்லாததால் நானே பிரித்துப் படிக்க வேண்டியதாயிற்று. மன்னிக்கவும். பள்ளியில் உங்களுக்கு நன்றாக எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

டேவிட் என்னிடம் சோறு தின்றவன். ஆற்று வளைவில் எனக்குத் துரோகம் செய்துவிட்டு ஓடிப்போனான். அவன் உங்களுக்கு எழுதினாலோ, உங்கள் வீட்டுப் பக்கம் வந்தாலோ, பரமட்டாவில் உள்ள அதிகாரிகளிடம் உடனே தெரிவிப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளின் எதிர்காலத்தை நினைத்து நல்ல முடிவு எடுப்பீர்கள்.

உங்கள் கணவர் திடகாத்திரமாக இருக்கிறார். சொன்ன வேலையைச் செய்கிறார். விரைவில் வீட்டுக்கு அனுப்பிவைப்பேன்.

தங்கள் நலம் விரும்பும்,
கார்வெல்


மலையில்,
செப்டம்பர் 26, 1824

அக்காவுக்கு, நர்ரங் உயிரோடு இருக்கிறேன். பிள்ளை பிறந்திருக்கும். இருவரும் சுகமாக இருங்கள்.

இதை வண்டிக்காரன் டூலன் கொண்டுவந்து தருவான். அயர்லாந்துக் கைதி. முதுகு முழுக்கச் சாட்டைத் தழும்பு. அவனை நம்பலாம். பதில் இருந்தால் அவனிடமே கொடு. பண்ணைக்கு எழுதாதே.

நடந்ததைச் சொல்கிறேன். துரை வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று மலியானுக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் நான் மலைக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். துரை என்னைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "டேவிட், சண்டை போதும். மாவு மூட்டையும் போர்வையும் குடுக்கறோம். பொம்பளைங்க கொழந்தைங்களையும் கூட்டிக்கிட்டு ஆத்து வளைவுக்கு வரச் சொல்லு" என்றார். நான் மலைக்குச் சொல்லி அனுப்பினேன். குறித்த நாளில் துரையோடு வளைவுக்குப் போகும் வழியில் குதிரைக் கொட்டடியைப் பார்த்தேன். குதிரைகள் இருந்தன, ஆட்கள் ஒருவரும் இல்லை. வளைவில் மாவு மூட்டைகள் வெயிலில் வரிசையாக இருந்தன. மூட்டைக்குப் பின்னால் இருந்த கரைமேட்டில் ஒரு பறவைகூட உட்காரவில்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்மேட்டில் எல்லோரும் வந்து நின்றார்கள். மலியான் முன்னால் நின்றான். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பசி அக்கா. மாவு என்றால் வந்துவிடுகிற பசி.

நான் கல்மேல் ஏறி நின்று கையை விரித்து, வாயெல்லாம் சிரிப்பாக, விருந்துக்குக் கூப்பிடுகிற குரலில் அவர்கள் பேச்சில் சொன்னேன்: "கரைக்குப் பின்னால துப்பாக்கி இருக்கு. எறங்காதீங்க. சிரிங்க, கையை ஆட்டுங்க. வயசானவங்களும் கொழந்தைங்களும் மொதல்ல பின்பக்கமா ஆத்தைத் தாண்டட்டும். ஓடாதீங்க, மெதுவா."

மலியான் சிரித்துக் கையை ஆட்டினான்.

"என்ன இவ்ளோ நீளமாச் சொல்றே?" என்றார் துரை.

"எத்தனை மூட்டைன்னு சொல்றேன் துரை."

பின்னால் நின்ற கூட்டம் குறைய ஆரம்பித்தது. துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏன் ஒருத்தனும் எறங்க மாட்டேங்கறான்?" என்று அவர் கேட்ட நேரத்தில் ஒருத்தி இறங்கினாள். என் மனைவி. கிழங்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ உறவுக்காரர் வீட்டுக்கு வருகிற மாதிரி இறங்கி வந்தாள். நான் சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்து, "சிரிடா. மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, கண்டுபிடிச்சுருவாங்க" என்றாள். "அவங்க ஆத்தைத் தாண்டற வரைக்கும் நான் இந்த மாவைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்றாள். ஒரு மூட்டைக்குள் கையை விட்டாள். வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள். துரைகூடச் சிரித்தார். இரண்டாவது மூட்டையையும் பார்த்தாள். மூன்றாவதையும் பார்த்தாள். மேட்டில் மலியானும் சில ஆட்களும்தான் மிச்சம் இருந்தார்கள்.

அப்போதுதான் துரைக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

நான் ஆற்றில் விழுந்தேன். மலியானின் ஆட்கள் ஈட்டி எறிந்துகொண்டே பின்வாங்கினார்கள். அவர்களில் சிலர் இல்லை. ஆற்றைத் தாண்டிய பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

போனவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்களே, அவள் பெயரை இனி நான் எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

நர்ரங்


தேரூபின் ஆற்றங்கரை,
அக்டோபர் 24, 1824

தம்பிக்கு, என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். அவள் பெயரை நான் எழுதவில்லை. ஆற்றங்கரைக்குப் போய் யாரும் இல்லாத இடத்தில் நம் வழக்கப்படி அழுதேன். நீ சாப்பிடுகிறாயா? எங்கே இருக்கிறாய்?

அவர் வந்துவிட்டார். காயம் ஒன்றும் இல்லை. கார்வெல் துரை கொடுத்ததென்று ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அதைக் கட்டிப்போட்டுவிட்டு அதன் பக்கமே போகவில்லை. பிள்ளையைக் கையில் கொடுத்தேன். வாங்கினார், பார்த்தார், அது கண்ணைத் திறந்ததும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தூக்கவில்லை. ரம் குடிக்காத மனுஷன் இப்போது குடிக்கிறார். நான் நம் பேச்சில் தாலாட்டுப் பாடினால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீ எழுதியதில் எல்லோரும் இருக்கிறார்கள். துரை இருக்கிறார், மலியான் இருக்கிறான், மாவு மூட்டைகூட இருக்கிறது. அவர் மட்டும் இல்லை. அவர் அன்றைக்கு அந்தப் பண்ணையில்தானே இருந்தார்? சிவப்புத் தாடியைத் தெரியாமலா போகும்?

எனக்குச் சொல். இந்த வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்குத் தெரிய வேண்டும்.

மில்பா


மலையில்,
நவம்பர் 30, 1824

அக்காவுக்கு, சாப்பிடுகிறேன். கிடைக்கிறபோது. நீயும் பிள்ளையும் நலமா?

இப்போது நான் யாருக்கும் நாக்கு இல்லை. மலியானோடு இருக்கிறேன். மாடுகளைப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டிவிடுகிறோம். காற்று பார்த்துப் புல்லுக்குத் தீ வைக்கிறோம். ஆட்டுக்காரர்கள் குடிசையைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவிட்டார்கள். கார்வெல் துரை வண்டி கட்டிக்கொண்டு பாத்தர்ஸ்ட் ஊருக்கே போய்விட்டார். அவர் உழுத நிலத்தில் இப்போது களை முளைத்திருக்கிறது. இந்தக் காகிதம் அவர் மேஜையில் எடுத்தது. ஆனால் சிப்பாய்கள் குதிரையில் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு இடத்தில் அடுப்பு மூட்ட முடிவதில்லை. அழுகிற பிள்ளையின் வாயைத் தாயே பொத்துகிறாள். தப்பித்து ஆற்றைத் தாண்டின பிள்ளைகளில் சிலரைப் பசி கொண்டுபோய்விட்டது.

மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். கரை முழுவதும் புகையாக இருந்தது. முகம் தெரியவில்லை.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பரமட்டாவில் கவர்னர் எல்லா ஜனங்களுக்கும் விருந்து வைக்கிறாராம். விராஜுரி ஜனங்களும் வந்தால் சண்டையை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மலியான் ஈட்டியை மடியில் கிடத்திக் கூர் பார்த்தான். பிறகு, "போவோம். எல்லாரும் சேந்து, நேரா ரோட்டு வழியா, அவன் கண்ணு பாக்கப் போவோம். தோத்துப்போய் வர்றோம்னு ஒருத்தனும் நெனைக்கக் கூடாது" என்றான். நானும் வருகிறேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவும் மாவு மூட்டையாக இருந்தால்? நீ பரமட்டாவுக்குப் போய்ப் பார். சந்தை மைதானத்தைச் சுற்றிப் பார். ஆட்களை எங்கே ஒளித்துவைக்க முடியும் என்று பார். பார்த்து எழுது. இவ்வளவு பேரை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

நர்ரங்


பரமட்டா,
டிசம்பர் 17, 1824

தம்பி நர்ரங்குக்கு, நீ இருக்கிறாய் என்ற ஒன்றே எனக்குச் சுகம். பிள்ளை நலம்.

முதலில் என் வீட்டு விஷயம். உன் கடிதம் வந்த மறுநாள் காலை அவன் வாசலில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். நான் எதிரே போய் நின்றேன்.

"அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

அரம் நிற்கவில்லை. "கரைக்குப் பின்னாடி."

"என் தம்பி பேசினது கேட்டுதா?"

"கேட்டுது. புரியலை. ஏதோ விருந்துக்குக் கூப்பிடறான்னு நெனச்சேன்."

"சுட்டியா?"

"எல்லாரும் சுட்டாங்க மில்பா."

"எல்லாரையும் நான் கேக்கலை."

அரத்தைக் கீழே வைத்தான். "சுட்டேன்."

"யாரை?"

"கண்ணை மூடிக்கிட்டேன்" என்றான். "ஆணையாச் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுட்டேன். சுடலைன்னா உன்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?"

அந்தக் குண்டு எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தாலும் எழுதாதே. சுட்டானா இல்லையா என்றுதான் கேட்டேன். பதில் கிடைத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே பள்ளியில் நம்மோடு படித்த ஜூடித்தின் குடிசையில் தங்கியிருக்கிறேன். அவன் வேலி வரைக்கும் பின்னாலேயே வந்தான். வேலியைத் தாண்டவில்லை.

இனி நீ கேட்டது. சந்தை மைதானத்தைப் பகலில் சுற்றி வந்தேன், மறுநாளும் வந்தேன். மேஜை போட்டிருக்கிறார்கள். மாடு வெட்டத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். போர்வைக் கட்டுகள் வந்து இறங்கின. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் புதரில் ஒன்றும் இல்லை. கிடங்கின் மாடிக்குத் துணி துவைத்துப் போடும் சாக்கில் ஏறிப் பார்த்தேன், தானியந்தான். சிப்பாய்கள் இருக்கிறார்கள், வெளியிலேதான் நிற்கிறார்கள். சமையல்காரியிடம் பேச்சுக் கொடுத்தேன். எத்தனை பேருக்குச் சமைக்கச் சொன்னார்களோ அத்தனை பேருக்கும் தட்டு வந்திருக்கிறது என்றாள்.

ஆனால் அந்த ஆற்று வளைவையும் முந்தின வாரம் போய்ப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்று எழுதினால், மலையில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பாய்?

அதனால் நான் மலையடிவாரத்துக்கு வருகிறேன். ஆற்றைக் கடக்கும் இடத்தில் காத்திருப்பேன். தேவாலயத்துக்கு உடுத்தும் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறேன். இந்த ஊரில் என்னைத் தெரியாத வெள்ளைக்காரர் இல்லை. உங்களோடு சேர்ந்து நடந்து வருவேன். மலியானிடம் நான் யார் பெண்சாதியாக இருந்தவள் என்பதை முன்பே சொல்லிவிடு. உள்ளபடி சொல். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் கடைசியாக நடக்கிறேன்.

மில்பா


மலைக்கு அந்தப் பக்கம்,
ஜனவரி 21, 1825

எப்பிராயீமுக்கு மில்பா எழுதுவது. நானும் பிள்ளையும் என் தம்பியும் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இதை டூலன் தருவான். அவனிடம் எதுவும் விசாரிக்காதே, அவனுக்குத் தெரியாது.

நீயும் அந்தச் சந்தை மைதானத்தில் வேலியோரம் நின்றாய் என்று ஜூடித் சொன்னாள். நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தவர்களின் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு ஜன்னலும் கரைமேடாகத் தெரிந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தேன். என் நெஞ்சு அடிக்கிற அடியில் அவள் விழித்துக்கொண்டாள். என் தம்பி பக்கத்தில் நடந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மலியான் ஒருவன்தான் நிமிர்ந்து நடந்தான். வழியில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கொருவர் அவனைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

யாரும் சுடவில்லை. மாட்டுக்கறி கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள், கவர்னர் பேசினார். என் தம்பி அவர் பேச்சை மலியானுக்குச் சொன்னான். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. "இந்த நெலம் ராஜாவோடதாம். நாம நல்லபடியா நடந்துக்கிட்டா நம்மளை விட்டு வெப்பாராம்" என்றான். மலியான் கேட்டுக்கொண்டான். பிறகு தன் பேச்சில் சொன்னான், என் தம்பி அதையும் அப்படியே சொன்னான்: "நாங்க பிள்ளைங்களுக்கு சோறு வாங்க வந்தோம். வாங்கிட்டோம். வீட்டுக்குப் போறோம். வீடு எதுன்னு எங்களுக்குத் தெரியும்." கிடங்கு வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். அந்தச் சத்தத்தில் நான் கண்ணை மூடவில்லை.

அதற்குப் பிறகு விருந்து நடந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவர்கள் திரும்பிப் போகும்போது நானும் வந்துவிட்டேன். மலியான் என்னோடு பேசவில்லை. வழி முழுக்கப் பேசவில்லை. மலையில் ஒரு ஓடையைக் கடக்கும்போது என் கால் வழுக்கியது. அவன் திரும்பி வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். அவளுடைய செம்பட்டை முடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். யார் முடி என்று அவனுக்குத் தெரியும். மேலே ஏறி முடிக்கும் வரைக்கும் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் வீட்டில் நான் கதவைச் சாத்திக்கொண்டு பயந்தேன். இங்கே கதவு கிடையாது. சண்டை முடிந்துவிட்டது என்று கவர்னர் சொல்கிறார். நேற்று ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக ஆட்டு மந்தை ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, கூடவே துப்பாக்கியோடு இரண்டு பேர். எல்லோரும் மேட்டில் நின்று பார்த்தோம். யாரும் ஓடவில்லை. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கார்வெல் விட்டுப்போன நிலத்துக்கு இறங்கினார்கள். களைக்கு நடுவே எங்காவது ஒன்றிரண்டு கிழங்கு பிழைத்திருக்கும் என்றார்கள். எனக்கும் ஒரு தோண்டுகோல் கொடுத்திருக்கிறார்கள். இதை முடித்ததும் நானும் போக வேண்டும்.

எங்களைத் தேடி வராதே.

மில்பா